தபாலில் வந்த பட்டம்

மலையடிவாரக் கல்வி வரலாறு – 11

சென்ற பகுதியில் 1976இல் கல்வராயன் மலையின் ஜாகிர்கள் ஒழிக்கப்பட்டதையும், மலைமேல் இருந்த உண்டு உறைவிடப் பள்ளிகளின் நிலையையும் பார்த்தோம். இனி மலையை விட்டு இறங்கி நைனார்பாளையம் வருவோம். இங்கே பள்ளிக்கூடம் இருந்தது, கல்லூரி இல்லை. அந்தக் குறையை ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தீர்த்துவைத்தது தபால்காரர் கொண்டுவந்த புத்தகக் கட்டு. அந்தப் புத்தகங்களைப் படித்து வாங்கிய பட்டத்தை யார் ஏற்றார்கள், யார் தள்ளினார்கள், எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்பதை இந்தப் பகுதியில் சொல்கிறேன்.

1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி இயக்ககத்தைத் தொடங்கியது. அப்போது நைனார்பாளையம் தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டத்தில் இருந்தது. சிதம்பரமும் அதே மாவட்டம்தான். ஆனால் ஒன்று கடலோரம், மற்றொன்று மலையோரம். சின்னசேலம் போய், ரயிலிலோ பஸ்ஸிலோ விருத்தாசலம் இறங்கி, அங்கிருந்து மறுபடி பஸ் பிடித்துச் சிதம்பரம் சேரப் பொழுது சாய்ந்துவிடும். அரசுக் கல்லூரி என்றால் விருத்தாசலம், ஆத்தூர், விழுப்புரம் என்றுதான் போக வேண்டும். மக்காச்சோளமும் மரவள்ளியும் பருத்தியும் போட்டு வானம் பார்த்துப் பிழைக்கிற வீட்டில், பையனை விடுதியில் வைத்துப் படிக்கவைக்கிற வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சே எழாது.

தொடங்கிய காலமும் பொருந்தி வந்தது. முந்தைய ஆண்டுதான், 1978இல், தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் மேல்நிலை வகுப்புகள் வந்திருந்தன. பிளஸ் டூ முடித்தவர்கள் உள்ளூரிலேயே கிடைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் முன்னால் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியர் பயிற்சி பெற்று, இடைநிலை ஆசிரியராக இருந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் அஞ்சல்வழிக் கல்வியை முதலில் இறுகப் பற்றிக்கொண்டவர்கள் அவர்களே. பட்டமும் பி.எட்.டும் இருந்தால் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வு. அதற்கு மேல் படித்தால் ஊக்க ஊதிய உயர்வு. பள்ளிக்கூட வேலையை விடாமல் அதைப் பெற வேறு வழி கிடையாது. அந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் அரசாணை எண் 37 மூலம் நிறுத்தும்வரை, அஞ்சல்வழி எம்.ஏ.வுக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது அதுதான்.

புத்தகக் கட்டைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கயிறு கட்டி, பதிவு எண் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே பாடத்துக்கு ஒன்றாக மெல்லிய அட்டைப் புத்தகங்கள். பாட முடிவில் மாதிரி வினாக்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்து, முக்கியமான பத்தியை அடிக்கோடிட்டு, படித்து முடித்ததும் அதே தெருவில் அடுத்து சேர்ந்தவருக்குக் கொடுப்பார்கள். ஒரு செட் புத்தகத்தில் மூன்று பேர் பட்டம் வாங்குவது சாதாரணம். சனி, ஞாயிறுகளில் நேரடி வகுப்பு. மே மாதம் தேர்வு என்றால் ஏப்ரலிலிருந்தே அந்த வீட்டுத் திண்ணையில் விளக்கு அணையாது. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்று சொல்வதில் அப்போது யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

இந்த முறை சிதம்பரத்தில் பிறந்ததல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பள்ளி ஆசிரியர்கள் பலர் தங்கள் ஊரை விட்டு நகராமலே லண்டன் பி.ஏ. ஆனது அந்த வழியில்தான். இந்தியாவில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. கோத்தாரி ஆணையம் அதை விரிவாக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் முந்திக்கொண்டது மதுரை, 1970களின் தொடக்கத்தில். அண்ணாமலைக்குப் பின் 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் வந்தது. லண்டன் பட்டத்தை உலகம் ஏற்றதற்குக் காரணம் எளியது: எங்கே எப்படிப் படித்தாலும் தேர்வு வைத்து மதிப்பெண் போட்டது அந்தப் பல்கலைக்கழகமே. நம் ஊரிலும் முதல் பதினைந்து ஆண்டுகள் இதே நம்பிக்கைதான். அண்ணாமலை என்பது அரசுச் சட்டத்தில் எழுந்த பல்கலைக்கழகம், 1929இலிருந்து நடக்கிறது, அதன் முத்திரை இருந்தால் போதும்.

அங்கீகாரத்தைச் சோதித்துப் பார்க்க ஊர்க்காரர்களிடம் ஒரு வழி இருந்தது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிகிறார்களா? பக்கத்து ஊர் வாத்தியாருக்கு அந்தப் பட்டத்தை வைத்துப் பிரமோஷன் வந்ததா? வந்திருந்தால் செல்லும். கையில் வேறு தகவல் எதுவும் கிடைக்காத காலத்தில் இதைவிட நல்ல சோதனை இருக்க முடியாது. ஆனால் அந்தச் சோதனை நேற்று நடந்ததைத்தான் காட்டும். நாளை விதி மாறினால் என்ன ஆகும் என்பதைக் காட்டாது. விதிகளோ டெல்லியில் மாறிக்கொண்டே இருந்தன.

அவற்றைச் சற்று வரிசையாகச் சொல்ல வேண்டும், பின்னால் வந்த துயரம் எல்லாம் இதில்தான் தொடங்குகிறது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, தொலைதூர வழியில் இளநிலைப் பட்டம் தருவதற்கான குறைந்தபட்சத் தர விதிமுறைகளை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு வேண்டும். அது இல்லாதவர் 21 வயது நிரம்பியிருந்தால் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறிச் சேரலாம். பட்டப்படிப்பு மூன்று ஆண்டு இருக்க வேண்டும். 1991இல் தொலைதூரக் கல்விக் குழு என்று ஓர் அமைப்பு, இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் குடையின் கீழேயே உருவானது. 1995 மார்ச் 1ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது: சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தொலைதூரத்தில் தரும் பட்டங்கள் மத்திய அரசு வேலைக்குத் தாமாகவே செல்லும்; ஆனால் தொலைதூரக் கல்விக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும்; தொழில்நுட்பப் படிப்பானால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

இந்த ‘ஆனால்’தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனித்தனி ஒப்புதல் வேண்டியதாயிற்று. பழுப்புக் காகிதக் கட்டில் அந்த ஒப்புதல் கடிதம் வரவில்லை. சேர்க்கை விளம்பரத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற ஒரு வார்த்தை மட்டும் இருக்கும். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுவரை என்று கேட்க வேண்டும் என்பதே சின்னசேலம் பஸ் நிலையத்தில் விளம்பரத் தட்டியைப் பார்த்துச் சேர்ந்தவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

முதல் பெரிய அடி 2009இல் விழுந்தது, அதுவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே. அந்தப் பல்கலைக்கழகம் திறந்தநிலை முறை என்று ஒன்றை நடத்திவந்தது. இளநிலைப் பட்டம் இல்லாதவரும் அதில் நேரடியாக முதுநிலைப் படிப்பில் சேரலாம். இப்படிப் பெற்ற முதுநிலைப் பட்டத்தை வைத்து, தமிழ்நாடு அரசின் செய்தி, சுற்றுலாத் துறையின் கீழிருந்த ஒரு பதவிக்கு நியமனம் நடந்தது. அது வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2009 பிப்ரவரி 26இல் நீதிபதி எஸ்.பி. சின்ஹா அமர்வு தீர்ப்பளித்தது. மானியக் குழுவின் 1985 விதிமுறைகள் வழக்கமான பல்கலைக்கழகத்தையும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் ஒன்றுபோலவே கட்டுப்படுத்தும். முதல் பட்டம் இல்லாமல் தந்த முதுநிலைப் பட்டம் அந்த விதிமுறைக்குப் பொருந்தாது. கட்டாயமான ஒரு விதியைப் பிற்பாடு தளர்த்திக் குறையைச் சரிசெய்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண நான் முனையவில்லை. மூன்று ஆண்டு அடிப்படைப் படிப்பைத் தாண்டிக் குதித்து எம்.ஏ. ஆவதில் கல்வி நியாயம் இல்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் நடந்தது இன்னொன்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 18இல் பணியாளர், நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பின் திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் மட்டுமே அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மானியக் குழுவின் 1985 விதிமுறை, பள்ளிப் படிப்பு இல்லாத 21 வயதுக்காரருக்கு நுழைவுத் தேர்வு என்ற வாசலைத் திறந்தே வைத்திருந்தது. அந்த வாசல் வழியாக, விதிப்படியே நுழைந்து, மூன்று ஆண்டு படித்துப் பட்டம் பெற்றவருக்கும் மாநில அரசு வேலை என்று வந்தபோது கதவு சாத்தப்பட்டது. பட்டம் செல்லும், வேலைக்குச் செல்லாது. எட்டாம் வகுப்போடு வயல் வேலைக்குப் போய், பிற்பாடு படிக்க ஆசைப்பட்ட ஒருவருக்கு இந்த வேறுபாட்டை யார் விளக்கிச் சொல்வது? வழக்கறிஞர் ஆக நினைத்தவர்களுக்கும் இதே கதிதான். இந்திய வழக்கறிஞர் குழுவின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பிளஸ் டூவையோ பட்டத்தையோ வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது என்று சொல்லிவிட்டன.

அடுத்த அடி மேற்கிலிருந்து வந்தது. நைனார்பாளையத்துப் பிள்ளைகளுக்குச் சேலம் ஒன்றும் தூரமில்லை. டிப்ளமோ முடித்து மின்வாரியத்திலும் சர்க்கரை ஆலையிலும் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் பட்டம் வாங்க நினைத்தவர்களுக்கு 2000க்குப் பின் ஓர் ஆசை காட்டப்பட்டது: அஞ்சல்வழி பி.டெக். நாடு முழுவதும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதை நடத்தின. 2017 நவம்பர் 3இல் உச்ச நீதிமன்றம், ஒடிசா நீர்ப்பாசனக் கழகம் தொடர்பான வழக்கில் அவற்றுள் நான்கைப் பற்றித் தீர்ப்பளித்தது. இரண்டு ராஜஸ்தானில், ஒன்று அலகாபாத்தில், நான்காவது சேலத்திலிருந்த விநாயகா மிஷன்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் பொறியியலைத் தொலைதூரத்தில் நடத்தியிருக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கட்டணம் திரும்பிவிடும். பதினைந்து ஆண்டு கழித்து, உதவிப் பொறியாளராகிப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர், மறுபடி கணக்கும் எந்திரவியலும் படித்துத் தேர்வு எழுதப் போய் உட்கார்ந்தாரே, அந்த அவமானத்துக்கு எந்தக் கணக்கில் ஈடு? சேர்ந்த அன்று அவர் முன்னால் பல்கலைக்கழகம் என்ற பெயர்ப் பலகை இருந்தது. பெயரோடு சேர்த்து அந்தச் சொல்லை இனிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நிகர்நிலை நிறுவனங்களுக்கு மானியக் குழு உத்தரவிட்டதே அந்தத் தீர்ப்புக்குப் பின், 2017 நவம்பரில்தான். ஒப்புதல் இல்லாத படிப்பை நடத்தவிட்டு, கட்டணம் வாங்கவிட்டு, பட்டம் கொடுக்கவிட்டு, கடைசியில் தண்டனையில் பெரும் பங்கை மாணவர் தலையில் இறக்கியதை இந்தக் கல்வி வரலாற்றின் மிகப் பெரிய அநீதிகளில் ஒன்றாக நான் பார்க்கிறேன்.

இதற்கிடையே அதிகாரம் கைமாறியிருந்தது. 2013 மே மாதம் தொலைதூரக் கல்விக் குழு கலைக்கப்பட்டு அந்தப் பொறுப்பு முழுவதும் மானியக் குழுவிடம், அதன் தொலைதூரக் கல்விப் பிரிவிடம் போயிற்று. அதே 2013இல்தான் நிதி நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து எடுத்துக்கொண்டது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்தான் தொலைதூரக் கல்வி நடத்த வேண்டும் என்று மானியக் குழு கறாராகச் சொல்லத் தொடங்கியதும் அப்போதே. நாடெங்கும் படிப்பு மையங்கள் வைத்திருந்த அண்ணாமலைக்கு இது பெரும் சிக்கல். தொலைதூரக் கல்விக் கட்டணம் அதன் வருவாயில் முக்கியமான தூண் அல்லவா.

இந்த இடத்தில் ‘நாக்’ வருகிறது. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு 1994இல் பெங்களூரில் அமைந்தது. வெகுகாலம் அது கல்லூரிகள் தங்கள் முகப்பில் எழுதிப் பெருமைப்படும் சான்றாக மட்டும் இருந்தது. 2017இல் வந்த திறந்தநிலை, தொலைதூரக் கல்வி விதிமுறைகளும் அவற்றின் திருத்தங்களும் அதை நுழைவுச் சீட்டாக்கின. நான்குக்கு 3.26 மதிப்பெண் இருந்தால்தான் தொலைதூரக் கல்வி நடத்தலாம் என்று 2018இல் வரம்பு வைத்தார்கள். நாக் கணக்கில் அது ‘ஏ பிளஸ்’ தொடங்குகிற கோடு. 2020 செப்டம்பரில் புது விதிமுறை வந்தபோது அது 3.01ஆக, அதாவது ‘ஏ’ தொடங்குகிற கோட்டுக்கு இறங்கியது. அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும். கால் புள்ளி ஏறினாலும் இறங்கினாலும், மலையோர ஊர்களில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளின் படிப்பு அதோடு ஏறி இறங்கும்.

நாக் குழு வந்து பார்ப்பது என்ன? வளாகத்தின் ஆராய்ச்சி, ஆசிரியர் எண்ணிக்கை, நூலகம், ஆய்வுக்கூடம், நிர்வாகம். நேரடி வகுப்புக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்துபோகிறவருக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள உறவு மிக மெல்லியது. அவருக்கு வேண்டியது நல்ல பாடப்புத்தகம், விடைத்தாளை ஒழுங்காகத் திருத்தும் ஆள், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பேராசிரியர். வளாகத்தின் மதிப்பெண் இவற்றுக்கு முழுச் சாட்சியாகாது. ஆனாலும் இந்த வரம்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பத்து மாநிலப் பல்கலைக்கழகங்களின் பெயரைத் தட்டியில் எழுதி, ஒரே ஆண்டில் பட்டம் என்று விற்ற கடைகள் கள்ளக்குறிச்சி, ஆத்தூர் போன்ற ஊர்களிலும் இருந்தன. அவற்றை மூடவைத்தது இந்தக் கெடுபிடிதான்.

சிதம்பரத்துக்கு வருவோம். 2022 மார்ச்சில் மானியக் குழு பொது அறிவிப்பு ஒன்று வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்விக்கான அங்கீகாரம் 2014–15 கல்வியாண்டுவரை மட்டுமே. அதற்குப் பின் அனுமதி இல்லை. மாணவர்கள் சேர வேண்டாம் என்றது. தென்னார்க்காட்டின் பழைய குடும்பங்களுக்கு இதை நம்பவே முடியவில்லை. அப்பா அதில் பி.ஏ., அம்மா அதில் பி.எட்., மகள் அதில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். அப்பாவின் பட்டத்தில் ஓய்வூதியம்வரை வந்துவிட்டது. மகளின் பட்டம் கேள்விக்குறி. அதே சிதம்பரம், அதே முத்திரை, அதே புத்தகம். பல்கலைக்கழகம் பின்னர் ‘ஏ பிளஸ்’ தரம் பெற்று, மானியக் குழுவின் அனுமதியோடு மறுபடி தொலைதூரக் கல்வியை நடத்துகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள்தான் நடுவில் நிற்கிறார்கள்.

அந்த ஆண்டே செப்டம்பரில் மானியக் குழு இன்னோர் அறிவிப்பு தந்தது: அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொலைதூரத்திலும் இணையவழியிலும் பெறும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2013லும் இதைச் சொல்லியிருந்தார்கள். இத்தனை முறை சொல்ல வேண்டியிருப்பதே, வேலை கொடுப்பவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. நேர்காணலில் ‘ரெகுலரா, கரஸா?’ என்ற கேள்வி இன்னும் வருகிறது. பெண் பார்க்க வந்த வீட்டிலும் கேட்கிறார்கள். தனியார் நிறுவனத்தை இந்த அறிவிப்பு கட்டுப்படுத்தாது. வெளிநாட்டையும் கட்டுப்படுத்தாது. 2018இல் குவைத்தில் இந்தியப் பொறியாளர்களுக்கு நடந்தது நினைவிருக்கும். கல்லூரிக்கு நாள்தோறும் போய்ப் படித்தவர்களே, அவர்கள் படித்த படிப்புக்கு இந்தியத் தேசியத் தரச்சான்று வாரியத்தின் சான்று இல்லை என்று அங்கே பொறியாளராகப் பதிய முடியாமல் திண்டாடினார்கள். நேரில் படித்தவருக்கே அந்த நிலை என்றால் கரஸில் படித்தவர் எங்கே நிற்பார்?

அரசு வேலை கிடைத்தவருக்கும் ஒரு கட்டம் மிச்சம் உண்டு: உண்மைத்தன்மைச் சான்று. பட்டம் நிஜமானதா என்று துறை பல்கலைக்கழகத்துக்கு எழுதும். பதில் வந்த பிறகுதான் பணிவரன்முறை. அதோடு இணைத்தன்மை பிரச்சினையும் வந்தால், ஒரு பட்டம் இன்னொன்றுக்குச் சமம் என்று அரசாணை வரும்வரை கோப்பு மேசையிலேயே கிடக்கும். இரண்டும் வேறு வேறு சோதனைகள், மானியக் குழு அங்கீகாரம் மூன்றாவது, நாக் தரம் நான்காவது. ஒன்றில் தேறினால் மற்றதில் தேறியதாகாது. இதை விளக்கிச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. தபாலில் மட்டும் வந்துகொண்டிருந்த பல்கலைக்கழகம் இப்போது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கே தாய்ப் பல்கலைக்கழகம். 2024–25 முதல் தொலைதூரத்தில் சேர்கிற ஒவ்வொருவரும் மானியக் குழுவின் தளத்தில் தன் பெயரில் ஓர் அடையாள எண் எடுத்துக்கொண்டுதான் சேர வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்பில் தெரியாமல் மாட்டிக்கொள்வதை இது பெரிதும் தடுக்கும். நல்ல ஏற்பாடு, முப்பது ஆண்டு தாமதமாக வந்த ஏற்பாடு.

இனிச் சேர்கிறவர்களுக்கு அது உதவும். ஏற்கெனவே பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசுதான் வழி சொல்ல வேண்டும். இப்போது துறைக்குத் துறை ஒரு விளக்கம், ஆளுக்கு ஒரு வழக்கு என்று போகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு முதல் எந்தக் கல்வியாண்டுவரை மாநில அரசுப் பணிக்குச் செல்லும் என்பதை ஒரே அரசாணையில் அட்டவணையாக வெளியிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் நல்லெண்ணத்தோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு முறை மட்டும் தேர்வு வைத்தோ வைக்காமலோ தீர்வு காண முடியும். பொறியியல் பட்டங்களுக்கு உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழியைக் காட்டியது. கலை, அறிவியல் பட்டங்களுக்கும் அதைக் கேட்கும் உரிமை இந்த ஊர்களுக்கு உண்டு.

(தொடரும்)